இரண்டு டின் விளக்கெண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் ஒன்றைத்தான் சேதுராமன் தனக்கென்று ஒரு ஆடம்பரமாக விட்டுவைத்திருந்தார். 1973 மே இருபதாம் தேதி அதுவும் போயிற்று. ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில், நான்காவது மாடியில் இருந்த அவருடைய வீட்டு மணியை யாரோ விடாமல் மூன்று முறை அழுத்தினார்கள். அப்படி அழுத்துகிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருத்திதான்.

கதவைத் திறந்தார். சியாமளாதான். அவர் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்பவள். சேதுராமனின் வேலை உடைந்த பொருட்களைப் பார்த்து அவை ஏன் உடைந்தன என்று எழுதிக் கொடுப்பது. பதினேழு வருடமாக முழுசான பொருள் ஒன்றைக்கூட யாரும் அவரிடம் கொண்டுவந்து காட்டியதில்லை. அந்த அலுப்பு ஐம்பத்துநான்கு வயதில் அவர் முகத்திலேயே தங்கிவிட்டது.

சியாமளாவுக்குப் பின்னால் முப்பத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒருவன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான்.

"சார், இவர் நடேசன். சிங்காநல்லூர். இங்க ஒரு கார் ஒர்க்‌ஷாப்ல ட்ரெயினிங்ல இருக்கார். இவர் மேல அநியாயமா ஒரு பழி போட்டிருக்காங்க, நாம உடனே..."

"உள்ள வந்து உட்காருங்க. பழி அதுக்குள்ள எங்கயும் ஓடிடாது," என்றார் சேதுராமன்.

நடேசன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "பிரேக்குல ஏர் எடுத்தது நான்தானுங்க. அதை இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா புது டின்னை உடைச்சுப் பிரேக் ஆயில்தானுங்க ஊத்துனேன். எங்க முதலாளி என்ஜின் ஆயிலை ஊத்திட்டேன்னு சொல்றாருங்க."

அவன் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். நகருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுபாதை புல் முளைத்துக் கிடந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அங்கே சில கிழவர்கள் கார்ப் பந்தயம் நடத்துவார்கள். அமெரிக்கச் சிப்பாய்களிடம் கற்றுக்கொண்ட பந்தயம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் கால் மைல் நேராகப் பறக்கும். இருபது விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கார்கள் கடையில் வாங்கியவை அல்ல. போருக்கு முந்தைய கூடு ஒன்று, லாரி என்ஜின் ஒன்று, எங்கிருந்தோ கழற்றிய அச்சு ஒன்று என்று அவரவர் கொட்டகையில் அவரவர் கையால் கட்டியவை. பூங்காவில் உட்கார்ந்து புறாவுக்கு ரொட்டி போட வேண்டிய வயதில் இவர்களுக்கு இந்தப் பைத்தியம். நடேசனின் முதலாளி புரூனோ அங்கே ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் பார்ப்பவர்.

முந்தின நாள் சனிக்கிழமை, கூர்ட் என்கிற அறுபத்தெட்டு வயதுக்காரரும் அவருடைய நாற்பது வருட நண்பர் வால்டரும் மோதுவதாக இருந்தது. பிரேக் பெடல் ஒரு வாரமாகச் சரியில்லை என்று கூர்ட் சொன்னதால் புரூனோ முதல் தடவையாக நடேசனைக் களத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். பத்து மணிக்கு நடேசன் பிரேக்கில் ஏர் எடுத்தான், குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றிப் புது ஆயில் நிரப்பினான். பன்னிரண்டு மணிக்குப் பந்தயம். கூர்ட்தான் முதலில் கோட்டைத் தாண்டினார். பிரேக்கை மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. ஓடுபாதை முடிந்து பீட்ரூட் வயலில் போய்ப் புரண்டது. கூர்ட்டுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு.

அன்று மாலையே புரூனோ பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பிரேக் ஆயிலுக்கு மேலே என்ஜின் ஆயில் மிதந்தது. ஆயில் கசியாமல் அடைக்கும், கிண்ணம்போல் குழிந்த சின்ன ரப்பர் வாஷர் அந்த எண்ணெயில் ஊறி உப்பி, விளிம்பு மடிந்து கிடந்தது.

"நாளைக்கு இல்லீங்க, அதுக்கடுத்த திங்கட்கிழமை இன்ஷூரன்ஸ்காரருக்கு எழுதிக் கொடுக்கப் போறாருங்க. என் பேரை எழுதுனா வேலை போச்சு. வேலை போனா விசா போச்சு. ஆகஸ்ட்ல பரீட்சைங்க. மூணு வருசமா பொண்டாட்டி புள்ளையைக் கண்ணுல பாக்கலீங்க. பரீட்சை எழுதாம போய் நின்னா நான் என்னன்னு சொல்றதுங்க?"

சேதுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூக்கம் இனி வராது. "அந்த ரப்பரை முதல்ல பார்க்கணும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புரூனோ ஒர்க்‌ஷாப்பில் அவர்களை வரவேற்றார் என்று சொல்ல முடியாது, உள்ளே விட்டார். பருத்த மனிதர், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. ரப்பர் வாஷரை ஈரம் துடைத்துச் சனிக்கிழமைப் பத்திரிகையில் பொதிந்து வைத்திருந்தார். பக்கத்தில் அதே அளவில் புதியது ஒன்று. இரண்டையும் சேதுராமன் தராசில் வைத்தார். புதியது நாலு கிராம். மற்றது ஆறுக்குக் கொஞ்சம் குறைவு.

"எப்போது கழற்றினீர்கள்?"

"சனிக்கிழமை ஆறு மணிக்கு. எண்ணெயை மாற்றி ஊற்றியது கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. இதில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை?" என்றார் புரூனோ.

"எனக்கும் வேலை இல்லாமல் இருந்தால் நல்லதுதான்," என்றார் சேதுராமன். "நடேசனுக்கு முன்னால் அந்த பிரேக்கை யார் தொட்டார்கள்?"

புரூனோ அலமாரியிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துப் போட்டார். கிழவர்களின் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் காரைத் தானே பரிசோதிக்கக் கூடாது. வசந்தத்தில் முதல் ஓட்டத்துக்கு முன்னால் ஒருவர் காரை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பக்கத்தில் விதி எழுதியிருந்தது: பரிசோதிப்பவர் தன் கருவிப்பெட்டி, தன் துணி, தன் எண்ணெயோடு வர வேண்டும், கார்க்காரருக்கு எந்தச் செலவும் வைக்கக் கூடாது. ஏப்ரல் இருபத்தெட்டு, சனிக்கிழமை, பிற்பகல் நாலு மணி என்ற தேதிக்கு நேரே கூர்ட்டின் கார் இருந்தது. பிரேக் ஆயில் ஒரு விரல்கடை குறைவு, நிரப்பப்பட்டது என்று எழுதி, கீழே வால்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வெளியே வந்ததும் சியாமளாவால் பொறுக்க முடியவில்லை. "சார், வால்டர்தான். விசாரிச்சுட்டேன். நாலு வருஷமா கூர்ட்கிட்ட தோத்துக்கிட்டே இருக்கார். வேணும்னே ஊத்தியிருக்கார்."

"ஒருத்தனைக் கொல்லணும்னு நினைக்கிறவன் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டா போவான்?"

"அப்ப எதுக்கு சார் ஊத்தினார்?"

"அதுதான் தெரியலை. நீ அந்தப் புது வாஷரை என்ஜின் ஆயில்ல ஊறப்போடு. தினம் எடை எடுத்து எழுது. மத்ததை அப்புறம் பார்ப்போம்."

வால்டரை மறுநாள் ஓடுபாதைக் கொட்டகையில் பிடித்தார்கள். மெலிந்த உயரமான மனிதர். கவிழ்ந்த காரை அங்கே இழுத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் வால்டரின் கார் நின்றது. கொட்டகைக்குள் நுழைந்ததுமே சியாமளா மூக்கைச் சுளித்தாள்.

"விளக்கெண்ணெய். சின்ன வயசுல மூக்கைப் பிடிச்சு ஊத்துவாங்களே, அதே நாத்தம்."

வால்டரின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "நல்ல மூக்கு உங்களுக்கு. உண்மையான பந்தயக்காரன் என்ஜினில் விளக்கெண்ணெய்தான் ஊற்றுவான். இந்த வாசனை இல்லாவிட்டால் அது பந்தயமே இல்லை. நாங்கள் எல்லோரும் அதற்குச் சத்தியம் செய்து கொடுத்தவர்கள். போரில் கிழக்கே இரண்டு குளிர்காலம் லாரி ஓட்டினேன். வேறு ஒன்றும் கிடைக்காது. என்ஜினுக்கு விளக்கெண்ணெய், பிரேக்குக்கு விளக்கெண்ணெய், பூட்ஸுக்கு விளக்கெண்ணெய், வயிறு கட்டினால் அதற்கும் அதுதான்."

சியாமளா சிரித்தாள். அவள் இரண்டு காரின் புகைக்குழாயையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். இரண்டின் நுனியிலும், வெளிப்பக்க விளிம்பில், பிசுபிசுவென்று பழுப்பாக ஒட்டியது. "ரெண்டுலயும் விளக்கெண்ணெய்தான் சார்."

சேதுராமன் அலமாரிப் பக்கம் போனார். அலமாரியில் கூர்ட்டின் பெயர் எழுதிய டின் ஒன்று இருந்தது. விளக்கெண்ணெய் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பழைய டின். மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தார். கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்தார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. வால்டரிடம் கேட்டு அந்த டின்னிலிருந்து அரைக் குப்பி எண்ணெய் எடுத்துக்கொண்டார்.

"உங்கள் டின்?"

"வீட்டில் இருக்கிறது," என்றார் வால்டர், தன் காரின் முகப்பைத் துடைத்துக்கொண்டே. "இங்கே பாருங்கள், அந்த இந்தியன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் செய்திருப்பான். ஆனால் செய்தது அவன்தான். நான் நிரப்பிக் கொடுத்தபோது பிரேக் நன்றாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று சேதுராமனுக்குத் தோன்றியது. அதுதான் அவரை இன்னும் அலுக்கவைத்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கூர்ட்டைப் பார்த்தார்கள். காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குள்ளமான, கலகலப்பான மனிதர். காரைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். பிறகு சியாமளாவிடம், "இந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் திறந்து கொடுங்கள் அம்மா. கால் உடைந்த மனிதன் பாருங்கள்," என்றார். அவள் திறந்து டம்ளரில் ஊற்றினாள். கூர்ட் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத் தூக்கிக் குடித்தார். விரல்களின் கணுக்கள் இஞ்சிக் கிழங்காகப் புடைத்திருந்தன.

"வால்டர் பரிசோதித்த அன்று நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?" என்று கேட்டார் சேதுராமன்.

"அவன் பார்க்கும்போது நான் எதற்கு? காப்பி போட உள்ளே போனேன். வால்டர் பார்த்தால் நானே பார்த்த மாதிரி."

திரும்பும்போது டிராமில் சியாமளா தன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள். சேதுராமன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "கால் உடைஞ்சா பாட்டில் மூடியைத் திறக்க முடியாதா, சியாமளா?" என்று மட்டும் கேட்டார். அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் அனைவரும் கூர்ட்டின் அறையில் கூடினார்கள். வால்டர் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தார். புரூனோ ஜன்னலோரம் நின்றார். எழுதி முடித்த வாக்குமூலம் அவருடைய கோட்டுப் பையில் நீட்டிக்கொண்டிருந்தது. நடேசன் கதவருகிலேயே நின்றுவிட்டான். சேதுராமனுக்கு முழங்கால் வலி, அதனால் உட்கார்ந்துகொண்டே பேசினார்.

"புரூனோ, நீங்கள் கொடுத்த வாஷர் ஏறக்குறைய ஆறு கிராம். நாங்கள் அதேபோல் ஒன்றை என்ஜின் ஆயிலில் போட்டோம். ஒரு நாளில் நாலு புள்ளி நாலு கிராம். நாலாவது நாளான இன்று நாலு புள்ளி எட்டு. போகப் போக உப்புவது குறைகிறது. ஆறை எட்ட மூன்று வாரமாவது வேண்டும். நடேசன் பிரேக்கைத் தொட்டதற்கும் விபத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். நீங்கள் அதைக் கழற்றியது எட்டு மணி நேரத்தில். பெடல் சரியில்லை என்று கூர்ட் சொன்னதே அதற்கு முந்தின வாரம். ரப்பர் அதற்கு முன்பே ஊற ஆரம்பித்துவிட்டது."

புரூனோ விரல்விட்டு எண்ணினார். "ஏப்ரல் கடைசி."

எல்லோரும் வால்டரைப் பார்த்தார்கள். வால்டர் எழுந்தே விட்டார். "நான் என்ஜின் ஆயில் ஊற்றவில்லை."

"தெரியும். நீங்கள் ஊற்றியதாக நினைத்தது விளக்கெண்ணெய்," என்றார் சேதுராமன். "சனிக்கிழமை பிற்பகல் நாலு மணி. கடைகள் எல்லாம் அடைத்தாயிற்று. பிரேக் ஆயில் இல்லை. கிழக்கே இரண்டு குளிர்காலம் அதைப் பிரேக்கில் ஊற்றி ஓட்டியவர் நீங்கள்தானே. கூர்ட்டின் அலமாரியில் டின் இருந்தது. ஒரு விரல்கடை ஊற்றினீர்கள்."

"ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது."

"கெடுக்காது. அதனால்தான் நீங்கள் மனசாரச் சத்தியம் செய்தீர்கள்."

சியாமளா பையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்தாள். இரண்டிலும் சோதனைக்கூடத்துச் சுத்த ஆல்கஹால் பாதி இருந்தது. ஒன்றில் மருந்துக்கடை விளக்கெண்ணெயை ஊற்றிக் குலுக்கினாள். எண்ணெய் கரைந்து தெளிந்துவிட்டது. மற்றதில் கூர்ட்டின் டின்னிலிருந்து எடுத்ததை ஊற்றிக் குலுக்கி, கட்டிலோர மேஜையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தனியாக, ஆல்கஹால் தனியாக, இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது.

"எங்கள் ஊரில் தலைக்கு விளக்கெண்ணெய் தேய்த்தால் சீயக்காய் போட்டு மூன்று தடவை அலச வேண்டும்," என்றார் சேதுராமன். "இது கைக்குட்டைக்கு ஒரே துடைப்பில் போய்விட்டது. டின்னின் மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது சாதாரண என்ஜின் ஆயில்."

கூர்ட் போர்வைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து மேலே வைத்தார்.

"விளக்கெண்ணெய் என்ஜினுக்குள் கோந்து மாதிரி படியும்," என்றார் மெதுவாக. "மூன்று பந்தயத்துக்கு ஒரு தரம் முழுசாகப் பிரித்துச் சுரண்ட வேண்டும். இந்த விரலால் ஒரு நட்டைக்கூடத் திருக முடியவில்லை. நாலு வருடம் ஆகிறது. உங்களிடம் எப்படிச் சொல்வது? பிரிக்க முடியாதவனுக்குக் கார் எதற்கு என்று கேட்பீர்களே. டின்னில் வேறு எண்ணெயை ஊற்றி வைத்தேன்."

"வாசனை வந்ததே," என்றார் வால்டர்.

"பந்தயத்துக்கு முன்னால் புகைக்குழாயின் நுனியில் ஒரு ஸ்பூன் விடுவேன். சூட்டில் புகையும்."

புரூனோ தலையில் கை வைத்துக்கொண்டார். வால்டர் முகம் சிவந்தார். "நாலு வருடமாக என்னை ஏமாற்றி ஜெயித்திருக்கிறாய். சத்தியத்துக்கு என்ன மதிப்பு? நான் உன் டின்னை நம்பித்தானே..."

"ஆமாம். அதைத்தான் கேட்க நினைத்தேன்," என்று சேதுராமன் குறுக்கிட்டார். அவர் குரல் உயரவில்லை. "உங்கள் விதிப்படி பரிசோதிப்பவர் தன் எண்ணெயோடு வர வேண்டும். உங்கள் பெட்டியும் எண்ணெயும் உங்கள் கையில் இருந்திருக்கும். நீங்கள் ஏன் கூர்ட்டின் டின்னிலிருந்து எடுத்தீர்கள், வால்டர்?"

வால்டர் தன் காலணியைப் பார்த்தார்.

"உங்கள் கார் புகைக்குழாயின் நுனியிலும் வெளிப்பக்கமாகத்தான் பிசுக்கு இருக்கிறது. என்ஜினுக்குள் எரிகிற எண்ணெய் வெளிவிளிம்பில் வந்து வழியாது. ஸ்பூனால் விட்டால்தான் வழியும்."

சியாமளா தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டாள். கொட்டகையில் அவள் தொட்டது அதைத்தான்.

வால்டர் மறுபடி நாற்காலியில் உட்கார வெகு நேரம் எடுத்தது. "முதுகு," என்றார் கடைசியில். "குனிந்து வேலை செய்ய முடியவில்லை. மூன்று வருடமாக என் டின்னிலும் அதுதான். என்னுடையதைப் பிரேக்கில் ஊற்றினால் ரப்பர் போய்விடும் என்று எனக்குத் தெரியும். களத்தில் நிஜமான விளக்கெண்ணெய் வைத்திருப்பவன் கூர்ட் ஒருத்தன்தான் என்று நினைத்தேன்."

கூர்ட் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கால் வலித்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இரண்டு கிழவன், இரண்டு ஸ்பூன்," என்றார்.

வால்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புரூனோகூடச் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடேசன் மட்டும் கதவருகில் அப்படியே நின்றான். அவனைப் பார்த்ததும் சேதுராமனுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் வந்த முதல் கோபம்.

"ஒருவர் முன்னால் ஒருவர் தலை குனியக் கூடாது என்று நாலு வருடம் பாடுபட்டிருக்கிறீர்கள். இந்த மனிதனுடைய தலைக்காக உங்களில் யாரும் பத்து நிமிடம் யோசிக்கவில்லை. ஊற்றினேன் என்று வால்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டின்னில் இருப்பது வேறு என்று நீங்கள் சொல்லியிருக்கலாம், கூர்ட். ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு பழியை இவன் மேல் போட்டுவிட்டீர்கள். இவனுக்கு ஆகஸ்டில் பரீட்சை."

சிரிப்பு அடங்கிவிட்டது. புரூனோ பையிலிருந்த காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். புதிய தாள் ஒன்றை மேஜையில் வைத்து, நின்றபடியே நடந்ததை நடந்தபடி எழுதினார். அதில் நடேசன் புதிய டின்னிலிருந்து சரியான ஆயிலை ஊற்றினான் என்ற வரியும் இருந்தது. எழுதி முடித்ததும் நடேசனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வால்டர் கையெழுத்துப் போட்டார்.

"கூர்ட்டுக்கு நான் எழுதி விடுகிறேன், அவன் தலையாட்டினால் போதும்," என்றார் வால்டர்.

"கொடு இங்கே," என்றார் கூர்ட்.

பேனாவை விரலால் பிடிக்க முடியவில்லை. முஷ்டிக்குள் செருகிக்கொண்டார். முதல் எழுத்துக்கே அரை நிமிடம் ஆயிற்று. பேனா நழுவியது, எடுத்துக் கொடுக்கக் குனிந்த சியாமளாவை வேண்டாம் என்று தலையசைத்துத் தானே தேடி எடுத்தார். நாலு வருடம் மறைத்து வைத்த கை நடு வெளிச்சத்தில் தடுமாறிக்கொண்டிருந்தது. வால்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தைத் திருப்பவில்லை.

தாள் வழுக்கி நகரத் தொடங்கியது. நடேசன் கதவை விட்டு வந்தான். கட்டிலோரம் நின்று, தாள் அசையாமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"மெதுவாப் போடுங்க. நான் பிடிச்சுக்கறேனுங்க," என்றான் தமிழில். கூர்ட்டுக்குப் புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த எழுத்தை ஆரம்பித்தார்.